வாசலில் இருந்த குழாய்க் குழி

போன மாதம் ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்கிற இளைஞர்கள். நான் காலமெல்லாம் பார்த்த வேலையேதான், ஆனால் ஏ.சி. அறையில். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பழைய வீட்டைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார்கள். சுவரைத் தொட்டால் மறைகிறது, இன்னொரு முறை தொட்டால் திரும்ப வந்து நிற்கிறது. எனக்குக் கை பரபரத்தது. "கொடும்மா இங்க" என்று வாங்கி நானும் நாலு சுவரை இடித்துத் தள்ளினேன். தூசி இல்லை, சத்தம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரவில்லை. அடடா, என்ன சுகம்!

அங்கே உமா என்று ஒரு பெண் இருந்தாள். "மேடம், இது எதுவும் இல்லாம உங்க காலத்துல எதை வச்சுக்கணும், எதை இடிக்கணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"அந்த வீட்டுல சமைச்சு, குளிச்சு, துணி துவைச்சுத்தான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏதோ தமாஷ் பண்ணுவதாக நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குப் பேச்சு அடங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவள். கூவத்துக்குப் பக்கத்துச் சந்தில் பல குடித்தனங்கள் சேர்ந்து இருந்த வீடு. எல்லோருக்கும் ஒரே குழாய். அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். அவர் என்னை பாலிடெக்னிக்கில் சிவில் படிக்க அனுப்பியபோது சொந்தக்காரர்கள், "பொண்ணு இன்னா சாரம் ஏறப் போவுதா?" என்று கேட்டார்கள். ஏறினேன். ஆனால் அதற்குப் பல வருடம் ஆயிற்று. டிப்ளமோ முடித்து அலமேலு மாமியின் ஆபீசில் சேர்ந்தவளை பிளானை நகல் வரைகிற டிரேசிங் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மேசைக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வியர்வை சொட்டாமல் கோடு போட வேண்டும். சைட்டில் இடிக்கிறார்கள், கட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். எனக்கோ அதெல்லாம் கோடாகத்தான் வந்து சேரும். வெறுத்தேன் அந்த மேசையை! கடைசியில் ஒரு நாள் சூபர்வைசர் வேலையை விட்டுப் போக, மாமி வேறு வழியில்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அது தொண்ணூறுகளின் தொடக்கம்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர்க்காரர். காட்டன் புடவை, மூக்கில் வைரப் பொட்டு, கையில் பள்ளிக்கூட சாக்பீஸ் டப்பா. பழைய வீட்டை வாங்கி, செப்பனிட்டு, விற்பது அவர் தொழில். மாமா வீட்டில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டு, "அவ இடிக்கட்டும், நான் ஸ்கோர் பாத்துக்கறேன்" என்பார். புது வீட்டுக்குப் போனால் மாமி கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். வெறுங்காலோடு எல்லா அறைக்கும் ஒரு சுற்று. அந்தச் சமயத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எந்தத் தரை குளிர்கிறது, எது உப்புப் பூத்து நறநறக்கிறது, எங்கே தளம் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவர் பாதத்துக்குத் தெரிந்துவிடும். சுற்று முடிந்து சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால்தான் நாங்கள் மூச்சுவிடலாம்.

அதற்குப் பிறகு வருவதுதான் எங்கள் கம்பெனியின் தனிப் பழக்கம். ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன்னால் மாமி, நான், மேஸ்திரி ஏழுமலை மூன்று பேரும் ஒரு முழு நாள் அந்தக் காலி வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டும். மாமி ஸ்டவ் பற்றவைத்து ரவா உப்புமா கிண்டுவார். புகை எந்தப் பக்கம் போகிறது, நின்று கிண்டினால் வெளிச்சம் கையில் விழுகிறதா முதுகில் விழுகிறதா என்று பார்ப்பார். ஏழுமலை குளிக்கப் போவார். "மாமி, சோப்பு வைக்க எடம் இல்ல, துண்டு மாட்ட ஆணி இல்ல, இது இன்னா பாத்ரூமா போலீஸ் டேசனா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நான் துணி துவைத்துக் காயப்போட வேண்டும், வீட்டைக் கழுவிவிட்டுத் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்க்க வேண்டும், நடுப்பகலில் ஒவ்வோர் அறையிலும் படுத்துப் பார்க்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு பகலில் தூங்கிய ஒரே சிவில் டிப்ளமோக்காரி நானாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் சாக்பீஸ் வெளியே வரும். வட்டம் போட்டால் அது இருக்கும். பெருக்கல் போட்டால் போகும். தெரியவில்லை என்றால் கேள்விக்குறி. மாமிக்குக் கேள்விக்குறி பிடிக்கவே பிடிக்காது. "ஒண்ணு இருக்கணும், இல்லே போகணும். நடுவுல நின்னுண்டு என்னடி பண்றது?" என்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பழக்கம் எங்களைப் பல முறை காப்பாற்றியது. கோபாலபுரத்தில் ஒரு பங்களா. பின்பக்கம் துருப்பிடித்த இரும்புச் சுழல்படி, பார்த்ததுமே எடைக்குப் போட வேண்டியது என்று மூன்று பேரும் முடிவு செய்துவிட்டோம். ஏழுமலை குளித்துவிட்டு ஈரத் துண்டோடு அதில் ஏறி மாடியில் காயப்போட்டுவிட்டு இறங்கினார். வீட்டுக்குள் காலே வைக்கவில்லை! மாமி என்னைப் பார்க்க, நான் மாமியைப் பார்க்க, பெருக்கல் வட்டமாயிற்று. துருவைச் சுரண்டிப் பச்சைப் பெயின்ட் அடித்தோம். வாங்க வந்த குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் அந்தப் படியை ஒரே நேரத்தில் பார்த்து, ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மாடிக்குத் தனி வழி! அந்த வீட்டில் வேறு எதையும் அவர்கள் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

மாமிக்கும் சறுக்கும். பர்மா தேக்கு என்றால் அவருக்குக் கண் மறைத்துவிடும். அடையாறில் ஒரு சின்ன வீடு. அதற்கு முன்வாசலில் யானை நுழைகிற மாதிரி ஒரு தேக்குக் கதவு. திறந்தால் சோபாவில் இடிக்கும், மூடினால் கூடம் இருட்டு. "மாமி, சின்னக் கதவா மாத்திடலாம்" என்றேன். "வாயை மூடு. இந்த மாதிரிக் கதவு இனிமே பொறக்காது" என்று எட்டிய மட்டும் பெரிய வட்டமாகப் போட்டார். வாங்கியவர் கிரகப்பிரவேசத்துக்கு முன்னாலேயே அதைக் கழற்றி விற்றுவிட்டு பிளைவுட் கதவு போட்டுக்கொண்டார். மாமி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. மாமா மட்டும் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்.

இப்போது அந்தக் குழிக்கு வருகிறேன்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் அந்த வீடு. நல்ல வீடு. சிவப்புத் தரை, உயரமான கூரை, காற்று எங்கேயும் நிற்காமல் ஓடும். கேட்டைத் திறந்ததும் இடது பக்கம்தான் கண்ணைக் குத்தியது. தரையில் ஒரு பள்ளம். சின்னப் படிகள் இறங்குகின்றன. கீழே உட்கார்ந்தால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். பாசி பிடித்த சிமென்ட், அடியில் ஒரு பித்தளைக் குழாய், மூலையில் நசுங்கிய தகர டப்பா. கார் நிறுத்த வேண்டிய சரியான இடத்தில் அது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அது மார்கழி. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து ஓய்ந்திருந்தது. எங்கள் குடித்தன நாள் சுகமாக நடந்தது. வாசல் சுவரில் இடுப்பு உயரத்தில் இன்னொரு குழாய் இருந்தது. திறந்தால் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. மாமி சமைத்தார், ஏழுமலை பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார். குழிப் பக்கம் யாரும் போகவே இல்லை. சாயங்காலம் மாமி நேராக வாசலுக்குப் போய், குழிச் சுவரில் பெரிதாக ஒரு பெருக்கல் போட்டார்.

"நாள் பூரா இருந்தோம். ஒருத்தருக்காவது இது வேண்டியிருந்ததோ? வாசல்லயே பள்ளம்! வர்றவா மொதல்ல பாக்கறது இதத்தான். மூடிடு, ஏழுமல."

எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. குழிக்குள் இறங்கினேன். இறங்கியதும் உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. ஏனென்றால் எனக்கு அந்த இடம் தெரியும்! இந்த வீடு இல்லை, இந்த மாதிரி இடம். தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாயில் தண்ணீர் குறைந்தால் மேலே இருக்கிற குழாய்க்கு ஏறி வராது. அதற்கும் கீழே இறங்கிப் பிடிக்க வேண்டும். சுவர்க் குழாய்க்கு வரும் பைப்பைப் பார்த்தேன். தரைமட்டத்தில் ஒரு பழைய இணைப்பு, அடைத்திருந்தது. அதற்கும் கீழே, குழிக்குள், இந்தப் பித்தளைக் குழாய். முதலில் இடுப்பு உயரத்தில் தண்ணீர் வந்திருக்கிறது. பிறகு தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. அதுவும் போனதும் வீட்டுக்காரர்கள் குழி வெட்டித் தண்ணீரைத் துரத்திக்கொண்டு கீழே போயிருக்கிறார்கள். குழியின் விளிம்பைத் தடவினேன். சிமென்ட்டில் வட்டம் வட்டமாகத் தேய்மானம், வரிசையாக. குடம் வைத்து வைத்துத் தேய்ந்த இடங்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும் விட்டேன்.

"மாமி! இது மழைக்காலத்துக் குழாய் இல்ல. இது கோடைக் குழாய்!"

"கத்தாதேடி, தெருவே பாக்கறது."

விஷயம் என்னவென்றால் மாமி வீட்டில் வற்றாத கிணறு இருந்தது. பிறந்ததிலிருந்து அவர் குடத்தோடு வரிசையில் நின்றதே இல்லை. நான் பேசத் தெரிந்த நாளிலிருந்து நின்றவள். பெருக்கலை உள்ளங்கையால் அழித்துவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டேன். ஏழுமலை, "போச்சுடா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

 மாமி சாக்பீஸ் டப்பாவை என் கையில் வைத்தார். "சரி. இந்த ஆத்த நீயே பாத்துக்கோ. எது இருக்கணும், எது போகணும், எல்லாம் ஒன் பொறுப்பு. பங்குனி முடியறதுக்குள்ள வித்துக் காட்டு. விக்கலேன்னா மறுபடியும் டிரேசிங் மேஜைதான். அப்பறம் சைட்டுப் பக்கம் வரவே கூடாது."

எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது. பயம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் வந்தது. மறுபடியும் அந்தச் சுவரைப் பார்த்த ஜன்னலா!

ஆனாலும் அந்த வீட்டு வேலை மாதிரி எதையும் நான் ரசித்துச் செய்ததில்லை. சிவப்புத் தரையைத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வைத்தோம். ஜன்னல் கம்பிகளை நேராக்கினோம். குழிக்குப் படிகளைப் புதிதாகப் பூசி, யாரும் தவறி விழாமல் சுற்றிலும் கம்பி போட்டு, உள்ளே வெள்ளையடித்தேன். சாக்பீஸ் கேள்விக்குறி இருந்த இடத்தை மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டேன். விற்ற பிறகு அதை என் கையாலேயே அழிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

வாங்க வந்தவர்கள் அந்த வீம்பை நன்றாகச் சோதித்தார்கள். ஒருவர் குழியை எட்டிப் பார்த்து, "என்னம்மா, நீச்சல் குளமெல்லாம் வச்சிருக்கீங்க" என்றார். இன்னொரு குடும்பத்துப் பையன் உள்ளே இறங்கியவன் மேலே வர மாட்டேன் என்று அழுது, அப்பாவின் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. மூன்றாவதாக வந்தவர் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் திசைகாட்டியைக் குழிக்கு மேல் பிடித்து, உதட்டைப் பிதுக்கி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனி போயிற்று. வெயில் ஏறிக்கொண்டே வந்தது.

சித்திரையில் அடையாறிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். வீடு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குழி மட்டும் கூடாது. கார் நிற்க வேண்டும், தண்ணீருக்கு போர் போட்டுக்கொள்கிறேன் என்றார். குழியையே தொட்டியாக்கி மேலே கனமான மூடி போட்டுத் தருகிறேன், அதன் மேலேயே கார் நிற்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம்மா. காருக்கு அடியில பள்ளம்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது" என்று சிரித்தார். அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. நல்ல மனிதர்.

மாமி ஆபீசில் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காத்தால ஏழுமல ரப்பீஸ் கொண்டு வருவான். நீ கூட நின்னு மூடிடு. டாக்டர் சாயந்திரம் வர்றார்."

ரப்பீஸ் என்றால் இடித்த வீட்டின் செங்கல் உடைசலும் காரையும். பள்ளம் மூடுவதற்கு அதைத்தான் கொட்டுவோம்.

"மாமி, கோடையில ஒரே ஒரு நாள் காலையில பாத்துட்டு..."

"நீ விக்கறதுக்குத் தவணை கொடுத்தேனா இல்லையா?"

கொடுத்திருந்தார். பங்குனியோடு அது முடிந்தும் போயிருந்தது. மேசையைத் திரும்பிப் பார்த்தேன். என் பழைய ஸ்கேல் கூட அதே இடத்தில் இருந்தது. அழுகை வந்தது. பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ஏற்கெனவே வரச் சொல்லியிருந்த ஒரு தம்பதி இருந்தார்கள். தி.நகரில் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர்கள். மாமி, "வரச் சொல்லிட்டோம், மரியாதைக்குக் காமிச்சுடு" என்றார். கணவர் கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மனைவி சுகந்தி, பள்ளிக்கூட டீச்சர். அவர் எதையும் பார்க்காமல் நேராகக் குழிக்குப் போய் நின்றார்.

"இதுல எத்தனை மணிக்குத் தண்ணி வரும்?"

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை! பொய் சொல்ல மனசு வரவில்லை. "தெரியலைங்க. நாங்க வெயில் காலத்துல இங்க இருந்து பாத்ததில்ல. வரும்னு நான் நினைக்கிறேன். ஆனா நாளைக்குக் காலையில இதை மூடப் போறாங்க."

"காலையில எப்போ?"

"விடிஞ்சதும்."

"நான் தினமும் கீழேருந்து மாடிக்குத் தண்ணி தூக்கறேங்க. தண்ணி வரும்னு வீட்டுக்காரங்க எல்லாருந்தான் சொல்றாங்க" என்றார்.  "அப்ப விடியறதுக்கு முன்னாடி வரேன். கேட்டைத் திறந்து வைங்க."

மறுநாள் இருள் பிரிவதற்கு முன் நான் போனபோது தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. சுகந்தி இறங்கினார். இடுப்பில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம்! தி.நகரிலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோவில் குடத்தோடு வீடு பார்க்க வந்த மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதலில் சுவர்க் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று. மார்கழியில் கொட்டிய அதே குழாய்! அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். பித்தளைக் குழாயைத் திறந்தார். ஒன்றுமில்லை.  தெருவில் மற்ற வீடுகளில் குடம் உருட்டும் சத்தம், அடிபம்பு கிறீச்சிடும் சத்தம். குழாய் ஒரு தடவை இருமியது. பழுப்பாக ஒரு வாய் துப்பியது. பிறகு வந்தது பாருங்கள், தண்ணீர்! கனமில்லை, விரல் பருமன்தான், ஆனால் விடாமல், தெளிவாக!

"வருது! வருது!" என்று நான் குதித்தேன். டிப்ளமோ படித்தவள், சைட் சூபர்வைசர், எல்லாம் மறந்து போயிற்று.

காம்பவுண்டுச் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு அம்மாவின் தலை தெரிந்தது. "அங்க வந்துடுச்சா? எங்களுக்கு இன்னும் அரை மணி ஆவும். அந்தக் குழிதாம்மா இந்தத் தெருவுலயே ஆழம். முன்ன இருந்தவங்க ரெண்டு கோடைக்கு மேல வெட்டிக்கினே இருந்தாங்க. மொதல்ல வர்றதும் அங்கதான், கடைசியா நிக்கறதும் அங்கதான்."

குடம் நிரம்பியது. சுகந்தி தூக்கி விளிம்பில் வைத்தார். சிமென்ட்டில் தேய்ந்திருந்த ஒரு வட்டத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார்.

"குடம் இங்கயே இருக்கட்டும். நான் போய் அவரைக் கூட்டிட்டு வரேன். இடம் போட்டாச்சு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

சென்னையில் தண்ணீருக்கு நின்றவர்களுக்கு இது தெரியும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் போனால் ஆள் நிற்பதற்குச் சமம். யார் வேண்டுமானாலும் யாரோடும் சண்டை போடலாம், ஆனால் வைத்த குடத்தை நகர்த்தக் கூடாது. வீட்டுக்கே அப்படி இடம் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏழுமலை வந்தார். பின்னால் மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ரப்பீஸ் மலையாகக் குவிந்து வந்தது. குடத்தைப் பார்த்ததும் வண்டிக்காரரைக் கை காட்டி நிறுத்தினார்.

"மேடம், யார்து இது?"

சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வண்டி நிழலில் குந்திவிட்டார். அந்த நேரம் பார்த்து மாமி வந்து இறங்கினார்.

"என்னடா ஒக்காந்துண்டிருக்கே? கொட்டறதுதானே!"

"குடம் வச்சிகினு போய்கீறாங்கோ மாமி."

"எடுத்து ஓரமா வைடா."

"அத்த எப்டி மாமி நவுத்தறது? எங்க ஊட்டு பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சா என்னிய தெருவுல வுட்டு சாத்துவாங்கோ. நீங்க வோணா எட்த்து வைங்க."

மாமி என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. வேலை போனாலும் போகட்டும், அந்தக் குடத்தில் என் கை படாது. மாமி செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே நடந்து வந்தார். குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தார். விளிம்புவரை நிறைந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தபடியே நின்றார். பிறகு குடத்தை விட்டுவிட்டுச் சுவர்க் குழாய்க்குப் போய்த் திருகினார். புஸ். இன்னும் திருகினார். புஸ். திரும்பி வந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு படி, இரண்டு படி என்று முதல் முறையாக அந்தக் குழிக்குள் இறங்கினார். வெறுங்காலில் தண்ணீர் பட்டது. அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு அவர் தலை மட்டும்தான் தெரிந்தது.

"மல்லிகா."

"மாமி."

"மார்கழியில குடித்தனம் பண்ணிப் பாத்துட்டு, சித்திரையில இருக்கப் போறவாளுக்கு விக்கப் பாத்தோமேடி."

 "ஆமாம் மாமி" என்றேன்.

மேலே வந்தவர் டாக்டருக்கு போன் பண்ணச் சொன்னார், வேறு நல்ல வீடு ஒன்று ஆழ்வார்பேட்டையில் வருகிறது, கார் நிறுத்த இடத்தோடு காட்டுகிறோம் என்று. பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். வெயில் ஏறியது.  குடத்தின் மேல் ஒரு காக்காய் வந்து உட்காரப் பார்த்தது. மாமியே கையை வீசி விரட்டினார்.

ஆட்டோ வந்தது. சுகந்தி முதலில் குடத்தைத்தான் பார்த்தார். அப்புறம் ரப்பீஸ் வண்டியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கணவர் பின்னால் தயங்கி நின்றார்.

மாமி எழுந்தார். "வாங்கோ. ஒங்க குடம் வச்ச எடத்துலயே இருக்கு. யாரும் தொடலை."

 சுகந்தி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஏழுமலை பீடியை அணைத்துவிட்டு எழுந்து, "அப்போ இந்த ரப்பீஸ இன்னா பண்றது மாமி? தூக்கியாந்தது தூக்கியாந்ததுதான், கூலி குடுத்தாவணும்" என்றார்.

"கோபாலபுரத்துல அடுத்த ஆத்த வாங்கியிருக்கோமே, அங்க கொண்டு போ" என்றார் மாமி, செருப்பை மாட்டிக்கொண்டே. "அங்க எது இருக்கணும், எது போகணும், எதுல கொட்டணும்னு இவ சொல்லுவா."

சாக்பீஸ் டப்பா என் கையில்தான் இருந்தது. குழிக்குள் இறங்கி, அந்தக் கேள்விக்குறியை அழித்து, பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். அவசரத்தில் வட்டம் கோணலாக வந்தது. டிரேசிங் மேசையில் அப்படி ஒரு கோடு போட்டிருந்தால் மாமி ஷீட்டைக் கிழித்திருப்பார்.